குடலுக்குள் ஒரு காவல்: எதிர்ப்பொருள்கள் நம்மைக் காக்கும் விதம்

தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து முறையாகக் கொடுத்த பிறகும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவது ஏன்? போலியோவுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து, ஊசியும் போடுவது எதற்காக? சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் தாய்ப்பாலை நிறுத்தி வைக்க வேண்டுமா?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. நம் குடலின் உட்சுவரில் இரவு பகலாகச் சுரந்துகொண்டிருக்கும் ஒருவகை எதிர்ப்பொருளே அந்த விடை. அதன் இயல்பை அறிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் அறிவுரைகள் எதனால் சொல்லப்படுகின்றன என்பதும் எளிதில் விளங்கும்.

குடல் என்னும் நீண்ட எல்லை

நம் உடலுக்கும் வெளி உலகுக்கும் இடையே உள்ள எல்லை தோல் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் உணவுப்பாதையின் உட்புறமும் ஓர் எல்லைதான். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பு வரும். குடலின் உட்சுவரில் உள்ள மடிப்புகளையும் குடலுறிஞ்சிகளையும் விரித்துக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 30 சதுர மீட்டருக்கு எட்டும். தோலோ பல அடுக்குகளால் ஆனது. குடலின் உட்சுவரோ ஒரே ஒரு செல் அளவு தடிமனுள்ள மெல்லிய படலம். சத்துகள் இரத்தத்தில் சேர வேண்டுமானால் படலம் அவ்வளவு மெல்லியதாக இருந்தாக வேண்டும். அந்த மென்மையே நோய்க்கிருமிகளுக்கும் வாய்ப்பாகிறது.

இந்த எல்லையில் காவல் புரிவது எளிதன்று. நாள்தோறும் உணவுடனும் நீருடனும் நுண்ணுயிர்கள் உள்ளே வருகின்றன. அவற்றுள் சில தீங்கு செய்பவை. வேறு பல கோடி பாக்டீரியாக்களோ குடலிலேயே நிலையாகக் குடியிருந்து, செரிமானத்துக்கும் வைட்டமின் உருவாக்கத்துக்கும் துணை செய்பவை. எதிரியைத் தடுக்க வேண்டும். நட்பாக வாழ்பவற்றோடு போர் தொடுக்கக் கூடாது. உண்ணும் உணவையும் எதிரியாகக் கருதிவிடக் கூடாது. இவை மூன்றும் ஒருங்கே நடந்தால்தான் குடல் நலமாக இருக்கும்.

காவலின் முதல் வரிசை இரைப்பையில் சுரக்கும் அமிலம். உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே மடிந்துவிடும். இரண்டாவது, குடற்சுவரின் மீது படர்ந்திருக்கும் வழவழப்பான கோழைப் படலம். மூன்றாவது, அந்தக் கோழையில் கலந்து நிற்கும் எதிர்ப்பொருள்கள்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

எதிர்ப்பொருள் என்பது உடல் தானே உருவாக்கிக்கொள்ளும் ஒரு புரதம். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதைப்போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டுமே பொருந்தும். இவற்றில் ஐந்து வகைகள் உண்டு. இரத்தத்தில் மிகுதியாக இருப்பது இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் வகை. குடல், மூச்சுப்பாதை, கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால் ஆகியவற்றில் மிகுதியாக இருப்பது இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் வகை. சுருக்கமாக இதனை ஐ.ஜி.ஏ. என்பர்.

நம் உடல் நாள்தோறும் உருவாக்கும் எதிர்ப்பொருள்களில் மற்ற எல்லா வகைகளையும் கூட்டினாலும் ஐ.ஜி.ஏ.வின் அளவே மிகுதி. வளர்ந்த ஒருவரின் குடலில் நாளொன்றுக்குச் சில கிராம் அளவுக்கு இது சுரக்கிறது. இவ்வளவு பெரும் பங்கை உடல் குடலுக்கு ஒதுக்கியிருப்பதிலிருந்தே அந்த எல்லையின் முதன்மை புலப்படும். உடலின் வெளிச்சுரப்புகளுக்கென்றே தனியானதோர் எதிர்ப்பாற்றல் அமைப்பு இருக்கிறது என்பதை 1960களில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் டொமாசியும் அவருடன் பணியாற்றியவர்களும் தெளிவுபடுத்தினர்.

காவலர்கள் உருவாகும் இடம்

சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே பேயரின் திட்டுகள் என்னும் நிணநீர்த் திசுக்கள் அமைந்துள்ளன. 17-ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் பேயரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. இத்திட்டுகளின் மேற்பரப்பில் உள்ள சிறப்புச் செல்கள், குடலில் வந்து சேரும் நுண்ணுயிர்களில் சிறு மாதிரிகளை எடுத்து உள்ளே அனுப்புகின்றன. அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்கள் அந்த மாதிரியை ஆராய்ந்து, அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளை உருவாக்கப் பயிற்சி பெறுகின்றன.

பயிற்சி பெற்ற செல்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. நிணநீர் வழியாக இரத்தத்தில் கலந்து, உடலைச் சுற்றி வந்து, மீண்டும் குடற்சுவருக்கே திரும்புகின்றன. ஓரிடத்தில் கற்ற பாடம் இவ்வாறு குடல் முழுவதும் பரவுகிறது. குடலுக்குத் திரும்ப வேண்டும் என்னும் வழிக்குறிப்பை அச்செல்கள் பெறுவதற்கு வைட்டமின் ஏ துணை செய்கிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப்படுவது கண்பார்வைக்காக மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். குடலின் காவலுக்கும் அந்தச் சத்து இன்றியமையாதது.

குடற்சுவரை அடைந்த செல்கள் அங்கே ஐ.ஜி.ஏ.வைச் சுரக்கின்றன. இரண்டிரண்டாக இணைந்த ஐ.ஜி.ஏ.வைச் சுவரின் செல்கள் ஒருபுறம் பற்றி, தம்முள் கடத்தி, மறுபுறம் குடலின் உள்ளே விடுகின்றன. அப்போது அதன் மேல் ஒரு சிறு புரத உறையையும் போர்த்தி அனுப்புகின்றன. குடலில் உள்ள செரிமான நொதிகள் உணவுப் புரதங்களைச் சிதைப்பதைப்போல எதிர்ப்பொருளையும் சிதைத்துவிடாமல் அந்த உறை காக்கிறது.

இவ்வளவும் நடந்து முடிய ஏறத்தாழ ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். புதிய கிருமி முதன்முதலாக வரும்போது நோய் கடுமையாக இருப்பதும், அதே கிருமி மீண்டும் வரும்போது நோய் தணிந்து காணப்படுவதும் இதனால்தான்.

ஓசையில்லாத காவல்

ஐ.ஜி.ஏ. காவல் புரியும் முறை தனித்தன்மை வாய்ந்தது. அது கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட, குடற்சுவரைத் தொடவிடாமல் தடுப்பதையே முதற்பணியாகக் கொண்டுள்ளது.

ஒரு கிருமி நோயை உண்டாக்க வேண்டுமானால், முதலில் குடற்சுவரின் செல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுவதற்கு அது பயன்படுத்தும் உறுப்பின் மீது ஐ.ஜி.ஏ. ஒட்டிக்கொண்டால், கிருமியால் சுவரைப் பிடிக்க முடியாது. மேலும், ஓர் ஐ.ஜி.ஏ. மூலக்கூறு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகளைப் பிணைக்க வல்லது. பிணைக்கப்பட்ட கிருமிகள் கொத்தாகச் சேர்ந்து, கோழையில் சிக்கி, மலத்துடன் வெளியேறிவிடுகின்றன. காலரா போன்ற நோய்களில் கிருமி வெளியிடும் நச்சுப்பொருளையும் ஐ.ஜி.ஏ. பிடித்து முடக்குகிறது.

இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியைக் கண்டதும் அழற்சியைத் தூண்டுகின்றன. காய்ச்சலும் வீக்கமும் அதன் அடையாளங்கள். குடலில் அவ்வாறு ஓயாமல் அழற்சி ஏற்பட்டால் அந்த மெல்லிய சுவரே புண்ணாகிவிடும். ஐ.ஜி.ஏ. பெரும்பாலும் அழற்சியைக் கிளப்பாமல் தன் வேலையை முடிக்கிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் இதே ஐ.ஜி.ஏ. மென்மையாகப் பற்றி, அவை சுவரை நெருங்காமல் தத்தம் இடத்தில் இருக்கச் செய்கிறது.

தாயிடமிருந்து வரும் முதற்காவல்

பிறந்த குழந்தையின் குடலில் ஐ.ஜி.ஏ. ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தாயின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்துக்கு வருவது ஐ.ஜி.ஜி. வகை மட்டுமே. குழந்தை தானே ஐ.ஜி.ஏ.வைச் சுரக்கத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அது நிறைவடையவோ மேலும் நெடுங்காலம் ஆகும். அந்த இடைவெளியை நிரப்புவது தாய்ப்பால்.

பேறுகாலத்தையடுத்து முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. மிகச் செறிவாக இருக்கிறது. பின்னர் வரும் பாலில் செறிவு குறைந்தாலும், குழந்தை அருந்தும் பாலின் அளவு கூடுவதால் பாதுகாப்பு தொடர்கிறது. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. தாயின் குடலில் பயிற்சி பெற்ற செல்களில் ஒரு பகுதி, பாலூட்டும் காலத்தில் மார்பகத்துக்குச் சென்று தங்குகிறது. எனவே, தாய் எந்த வீட்டில் வாழ்கிறாரோ, எந்த நீரைக் குடிக்கிறாரோ, அங்கே உலவும் கிருமிகளுக்கு எதிரான ஐ.ஜி.ஏ.தான் அவர் பாலில் வருகிறது. அதே வீட்டில் வளரப்போகும் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான காவல் வேறெதுவும் இல்லை. எந்தப் பால்மாவிலும் இது கிடைக்காது.

பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை வைத்தல் என்னும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் இருக்கிறது. கழுதைப்பால் புகட்டுவதும், வசம்பை உரைத்து நாவில் தடவுவதும் உண்டு. பாட்டிமார் அன்பினால் செய்வதே இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், காவலே இல்லாத ஒரு குடலுக்குள் கிருமிகளை முதலில் அனுப்பிவிட்டுக் காவலர்களைப் பிறகு அனுப்புவதாகவே அது முடிகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், தண்ணீரும் தேவையில்லை என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஊசியும் சொட்டும்: வேலூர் கற்பித்த பாடம்

போலியோ வைரஸ் வாய்வழியே நுழைந்து, குடலில் பெருகி, சிலருக்கு மட்டும் நரம்பு மண்டலத்தைத் தாக்கி முடக்குகிறது. 1955-இல் வந்த ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி, செயலிழந்த வைரஸைக் கொண்டது. ஊசி மூலம் போடப்படுவது. பின்னர் வந்த ஆல்பர்ட் சேபினின் மருந்து, வலுக்குறைந்த உயிருள்ள வைரஸைக் கொண்டது. வாய்வழிச் சொட்டாகக் கொடுக்கப்படுவது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 1968-இல் தெளிவாகக் காட்டியவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் பியாரே ஓக்ரா. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் நன்கு உருவாயின. ஆனால் குடலிலும் தொண்டையிலும் ஐ.ஜி.ஏ. உருவாகவில்லை. சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு இரத்தத்திலும் குடலிலும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. அதாவது, ஊசி அந்தக் குழந்தை முடங்காமல் காக்கிறது. சொட்டு மருந்தோ வைரஸ் குடலில் பெருகி, மலத்தின் வழியே வெளியேறி, அண்டை வீட்டுக் குழந்தைக்குப் பரவுவதையும் தடுக்கிறது.

ஆனால் நம் நாட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும், மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற நம் குழந்தைகளில் பலருக்குப் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்பதை 1972-இலேயே எடுத்துக்காட்டினர். மேலை நாடுகளில் மூன்று தவணை போதுமானதாக இருந்தபோது, இங்கே மேலும் பல தவணைகள் தேவைப்பட்டன. போலியோ சொட்டு மருந்து முகாம்கள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. இயற்கை போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை நோயுற்றது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று, போலியோ இல்லாத நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அதே 2014-இல் வேலூரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. முன்னரே பல தவணை சொட்டு மருந்து பெற்றிருந்த, 1 முதல் 4 வயது வரையுள்ள 450 குழந்தைகளை ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு தவணை போலியோ ஊசி போடப்பட்டது. நான்கு வாரம் கழித்து இரு பிரிவினருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, எத்தனை பேரின் மலத்தில் வைரஸ் வெளிவருகிறது என்று பார்த்தனர். ஊசி பெற்ற குழந்தைகளிடம் வைரஸ் வெளியேறுவது தெளிவாகக் குறைந்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது.

குடலைத் தொடாத ஊசி, குடலின் காவலை எப்படிப் பெருக்கிற்று? சொட்டு மருந்தால் முன்பே பயிற்சி பெற்ற நினைவுச் செல்கள் உடலில் உறங்கிக்கொண்டிருந்தன. ஊசி அவற்றை எழுப்பியது. எழுந்த செல்கள் தாம் முன்பு கற்ற வழியே மீண்டும் குடலுக்குச் சென்றன. பாடம் கற்பிப்பது சொட்டு மருந்து. அதை நினைவூட்டுவது ஊசி. ஒன்றுக்கு ஒன்று மாற்று அன்று. இரண்டும் சேர்ந்தே முழுமை பெறுகின்றன. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் நம் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் போலியோ ஊசியும் சேர்க்கப்பட்டது. இன்று பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும் சொட்டு மருந்தும், 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் ஆகியவற்றில் ஊசியும் கொடுக்கப்படுகின்றன.

ரோட்டா வைரஸ்: முழுமையாகத் தடுக்காவிடினும் உயிர் காக்கும்

சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் முதலிடம் பெற்றது ரோட்டா வைரஸ். நம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து, 2012 முதல் நாட்டின் பல மருத்துவமனைகளில் இந்த வைரஸைக் கண்காணிக்கும் பணியை ஒருங்கிணைத்தது. தடுப்பு மருந்து அறிமுகமாவதற்கு முன்பு, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு இந்த வைரஸே காரணம் என்பது தெரியவந்தது.

வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை, டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் பிறப்பு முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். 2011-இல் வெளியான அதன் முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாத வயதுக்குள்ளேயே ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஒருமுறை தொற்றிய பிறகு, நடுத்தர அல்லது கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 43 விழுக்காடு. இரண்டு முறைக்குப் பிறகு 71; மூன்று முறைக்குப் பிறகு 79. இதற்கு முன் மெக்சிகோவில் நடந்த அதுபோன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைகளில் எவருக்கும் அத்தகைய நோய் வரவில்லை. இயற்கையான தொற்றே இங்கே முழுப் பாதுகாப்பைத் தராதபோது, அதைப் பின்பற்றும் தடுப்பு மருந்தும் முழுப் பாதுகாப்பைத் தராமற்போவதில் வியப்பில்லை.

டெல்லியில் பச்சிளங்குழந்தை ஒன்றிடம் கண்டறியப்பட்ட வைரஸ் வகையிலிருந்து இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது ரோட்டாவாக் என்னும் சொட்டு மருந்து. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கடும் ரோட்டா வைரஸ் நோயிலிருந்து முதலாண்டில் ஏறத்தாழ 56 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14-ஆம் வாரங்களில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது.

முதற்கேள்விக்கு விடை இதுவே. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல. இம்மருந்து அவற்றுள் ஒன்றுக்கு எதிரானது மட்டுமே. அந்த ஒன்றிலும், லேசான நோயைவிட, நீர்ச்சத்தை இழக்கச் செய்து உயிருக்கு ஊறு விளைவிக்கும் கடும் நோயைத் தடுப்பதே இதன் நோக்கம். சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்து தானே நின்றுவிட்டால், மருந்து தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றும் நிலை வராமல் தடுத்தது அந்த மருந்தாகவே இருக்கக்கூடும்.

மூன்றாம் கேள்விக்கும் விடை உண்டு. தாய்ப்பாலில் உள்ள ஐ.ஜி.ஏ., சொட்டு மருந்தில் உள்ள வைரஸையும் தடுத்துவிடுமோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கே இருந்தது. டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பாலை நிறுத்திப் பார்த்தனர். அதனால் எந்த நன்மையும் விளையவில்லை. எனவே, சொட்டு மருந்து கொடுக்கும் நாளிலும் குழந்தைக்குப் பசிக்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுக்கலாம்.

நம் குழந்தைகளின் குடலில் காவல் தளர்வது ஏன்?

இதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல இயலாது. ஆயினும் ஒரு காரணத்தின் தடயம் வேலூரிலேயே பல பத்தாண்டுகளுக்கு முன்பு கிடைத்தது. டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் அங்கே குடல்நோய்களை ஆராய்ந்தபோது, நோயில்லாதவர் என்று கருதப்பட்ட பலரின் குடலிலும் குடலுறிஞ்சிகள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதைக் கண்டனர். அசுத்தமான சூழலில் வாழும்போது, நோயாக வெளிப்படாத சிறு சிறு தொற்றுகள் குடலை ஓயாமல் தாக்குகின்றன. குடற்சுவர் நலிவடைகிறது, சத்துகள் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன, புதிதாக வரும் தடுப்பு மருந்தை ஏற்றுப் பயிற்சி பெறும் ஆற்றலும் குறையக்கூடும்.

அப்படியானால், தடுப்பு மருந்துக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அக்கிருமிகளை அகற்றிவிட்டால் என்ன? வேலூரில் அதையும் செய்து பார்த்தனர். குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்தபோது குடலில் இருந்த நோய்க்கிருமிகள் குறைந்தன. ஆனால் போலியோ சொட்டு மருந்துக்கான எதிர்ப்பாற்றல் கூடவில்லை. 2016-இல் வெளியான இம்முடிவு பெற்றோருக்கும் ஒரு பாடம். மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி குடலின் காவலை வளர்ப்பதில்லை. வைரஸால் வரும் வயிற்றுப்போக்கில் அதனால் பயனும் இல்லை. நன்மை செய்யும் பாக்டீரியாக்களை அது அழித்துவிடுவதுதான் மிச்சம்.

நம் பகுதியும் மழைக்காலமும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் ஒரே வீட்டுக்கு நீர் பல வழிகளில் வருகிறது. குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர், கேன் நீர் ஆகிய எல்லாம் பயன்பாட்டில் உள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததைப்போலத் தெருநீர் வீட்டுக்குள் புகும்போது, நிலத்தடித் தொட்டியில் கழிவுநீர் கலந்துவிடுகிறது. ஐ.ஜி.ஏ. எவ்வளவுதான் சுரந்தாலும், கிருமிகளின் எண்ணிக்கை அளவு கடந்து போனால் காவல் உடைந்துவிடும். ஆகவே, தூய நீரும் கைகழுவுதலும் எதிர்ப்பாற்றலுக்கு மாற்றல்ல. அதன் சுமையைக் குறைக்கும் துணைகள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் இணை உணவுடன் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால்.

2. சொட்டு மருந்து, ஊசி ஆகியவற்றின் எந்தத் தவணையையும் விட வேண்டாம். தவணை தாமதமானால் அட்டையுடன் வந்து கேளுங்கள். ரோட்டா மருந்தைத் தொடங்க வயது வரம்பு உண்டு.

3. குழந்தைக்குப் பிறவியிலேயே கடும் எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தாலோ, குடல் செருகல் முன்பு ஏற்பட்டிருந்தாலோ சொட்டு மருந்துக்கு முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரோ உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரோ இருந்தால், குழந்தையின் மலத்துணியை மாற்றிய பின் சோப்பால் கை கழுவுவதில் கூடுதல் கவனம் தேவை.

4. குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். கையை உள்ளே விடாமல், கைப்பிடியுள்ள கரண்டியால் எடுங்கள். வெள்ளத்துக்குப் பின் நிலத்தடித் தொட்டியைக் கழுவிக் குளோரின் இட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

5. வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒரு பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை மலம் கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லி வரை, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டுங்கள். பழச்சுவையுடன் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா.

6. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும், 14 நாட்கள் முழுமையாகக் கொடுங்கள். அது நலிந்த குடற்சுவர் மீண்டும் தேற உதவுகிறது.

7. நோயின்போது தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்த வேண்டாம். பட்டினி குடலை மேலும் நலியச் செய்யும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

கண்கள் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுத்தல், மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், அழக்கூட வலுவின்றிச் சோர்ந்து உறங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம். இரவு நேரமாயினும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். புகட்டிக்கொண்டே வாருங்கள்.

குடலின் காவல் ஒரே நாளில் அமைந்துவிடுவதில்லை. சீம்பாலில் தொடங்கி, ஒவ்வொரு தவணையிலும் வளர்ந்து, தூய நீராலும் நல்லுணவாலும் நிலைபெறுகிறது. அதில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, உங்கள் வீட்டில், உங்கள் கைகளாலேயே நடைபெறுகிறது.